தரைக்குக் கீழே ஐந்து நாய்கள்: மெசபடோமியா பற்றி ஒரு சந்தேகம்

கேள்வி: தேம்ஸ்கரை மீனா

வணக்கம். போன சனிக்கிழமை இங்கே லண்டனில் காலையிலிருந்து மழை. ஒன்பது வயதுப் பையனை நாள் முழுக்க வீட்டுக்குள் வைத்து மேய்க்க முடியாது என்று பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கூட்டிப்போனேன். அவன் வந்தது மம்மி பார்க்க. அந்த அறையில் நிற்க இடமில்லை. சரி, கூட்டம் குறையட்டும் என்று பக்கத்து அறைகளில் சுற்றினோம். அப்படித்தான் இந்த நாய்கள் கண்ணில் பட்டன.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஐந்து களிமண் நாய்கள். ஒவ்வொன்றும் என் விரல் நீளம்கூட வராது. மெசபடோமியாவில் (இன்றைய இராக் பக்கம்), நினிவே நகரத்தில் அசீரிய அரசன் அசூர்பானிபாலின் அரண்மனையில் கிடைத்தவை, கி.மு. 645 வாக்கில் செய்தவை. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நிறம் பூசி, உடம்பிலேயே ஆப்பெழுத்தில் (ஆப்பு வடிவக் கோடுகளால் ஆன அவர்கள் எழுத்து) பெயர் பொறித்திருக்கிறார்கள். ஒன்று ‘தீயதை வெளியேற்றுபவன்’. இன்னொன்று ‘எதிரியைப் பிடிப்பவன்’. அடுத்தது ‘எதிராளியைக் கடிப்பவன்’. நாலாவது ‘இவன் குரைப்பு பலம்’. ஐந்தாவதன் பெயர் ‘யோசிக்காதே, கடி!’. என் பையன் விழுந்து விழுந்து சிரித்தான். திரும்பி வரும்போது ரயில் முழுக்க இதே வசனம்தான்.

சிரித்து முடித்த பிறகு எனக்கு ஒரு சந்தேகம். இவற்றை வாசல் பக்கம் தரைக்குக் கீழே புதைத்து வைப்பார்களாம். யார் கண்ணிலும் படாத பொருளுக்கு எதற்கு வண்ணம், எதற்குப் பெயர்? ராஜா வீட்டில் மட்டும்தான் இந்தப் பழக்கமா, சாதாரண ஜனங்கள் வீட்டிலும் உண்டா? தேடிப் பார்த்தால் சிகுராத் (அடுக்கடுக்கான கோவில் மேடை), பெரிய கோவில், அரசன் என்றே வருகிறது. ஒரு பாபிலோன்காரி காலையில் எழுந்து வீட்டில் யாரைக் கும்பிட்டாள், எதற்குப் பயந்தாள்? தெரிந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும். பையன் தினமும் நச்சரிக்கிறான்.

பதில் 1: ஓய்வு வாத்தியார்

மீனாம்மா, மம்மியை எல்லாரும் பார்ப்பார்கள். நாய்களுக்கு முன் நின்ற உங்கள் பையனுக்கு என் கணக்கில் இரண்டு மதிப்பெண் கூட.

ஐந்து நாய் என்பது தோண்டும்போது கிடைத்த எண்ணிக்கை. எப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதிய களிமண் பலகைகளும் இருக்கின்றன. அவற்றின்படி மொத்தம் பத்து: ஐந்து நிறம், நிறத்துக்கு இரண்டு. அந்தச் சடங்கின் தலைப்பே ‘மனிதனின் வீட்டில் கெட்டதன் காலைத் தடுப்பது’. கால் என்ற சொல்லைக் கவனியுங்கள். அவர்களுடைய கெட்டதுக்குக் கால் உண்டு, நடந்து வரும். அவர்களுடைய மந்திரப் பாடல்களில் இந்தப் பேய்களைக் கதவு தடுக்காது, தாழ்ப்பாள் தடுக்காது. கதவுக்கு அடியில் பாம்பாக நெளிந்து வரும், கதவுக் குடுமி சுழலும் குழியில் காற்றாகப் புகும். அப்படி வருகிறவனை வாசலிலேயே கவ்வ ஆள் வேண்டாமா? நாய் வீட்டுக்காரர் கண்ணில் பட வேண்டும் என்று அவசியமில்லை. வருகிறவன் கண்ணில் பட்டால் போதும். பெயரும் அவனுக்காகத்தான் என்பது என் எண்ணம்.

இதைச் செய்கிறவர் ஆஷிபு. மந்திரவாதி என்று எழுதினால் நம் காதில் தப்பாக விழும். பாதி பூசாரி, பாதி வைத்தியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொம்மைக்கு மண் எடுக்கும் முறை ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. விடியற்காலையில் களிமண் குழிக்குப் போக வேண்டும். சாம்பிராணி காட்டி, குழியைத் தீட்டுக் கழிக்க வேண்டும். பிறகு சில மணி வெள்ளியும் சில மணி தங்கமும் குழிக்குள் போட்டு, சூரியக் கடவுள் ஷமாஷைச் சாட்சி வைத்து மண்ணை எடுக்க வேண்டும். மண்ணுக்கும் விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும், சும்மா எடுத்தால் செல்லாது!

நாய் மட்டுமில்லை. மீன் தோலைப் போர்த்திய ஏழு முனிவர்களின் பொம்மைகளும் தரைக்குக் கீழே செங்கல் பெட்டிக்குள் நிற்கும். அஷூர் நகரத்தில் அரண்மனைக்கு வெளியே, தனியார் வீடுகளிலும் இப்படிப்பட்ட பெட்டிகள் கிடைத்திருக்கின்றன. ஆகவே ராஜா வீட்டுப் பழக்கம் மட்டும்தானா என்ற கேள்விக்குப் பதில்: இல்லை. ஆனால் கூலிக்காரன் வீட்டில் ஏழு முனிவர் இருந்திருப்பார் என்று நினைக்காதீர்கள். ஆஷிபுவுக்குக் கூலி உண்டு.

எதற்குப் பயந்தாள் என்று கேட்டீர்களே. பிள்ளை பெறப் போகிறவள் என்றால் முதல் பயம் லமாஷ்டு. சிங்கத் தலை, கழுதைப் பல், ஒரு மார்பில் நாய்க்குட்டி, மறு மார்பில் பன்றிக்குட்டி. கர்ப்பிணியின் வயிற்றை ஏழு முறை தொடுவாள், பிறந்த குழந்தையைத் தூக்குவாள். இவளை விரட்ட இவளைவிடக் கோரமான பஸூஸு என்ற இன்னொரு பேயின் தலையைத் தாயத்தாகக் கழுத்தில் போட்டுக்கொண்டார்கள். ரௌடியை விரட்ட பெரிய ரௌடி. அதுவும் போதாதென்று லமாஷ்டுவுக்குச் சீப்பு, கதிர் (நூல் நூற்கும் கதிர்தான்), செருப்பு, வழிக்குச் சாப்பாடு எல்லாம் கொடுத்துப் படகிலோ கழுதையிலோ ஏற்றி அனுப்பி வைத்தார்கள். சண்டை போட்டு வெல்ல முடியாதவளைச் சீர் செய்து வழியனுப்புவது எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள்.

வீட்டுக்குள் கும்பிட்ட தெய்வத்துக்கு வருகிறேன். மர்துக், என்லில் போன்ற பெரிய தெய்வங்கள் கோவிலில் இருந்தார்கள். சாதாரண ஆளுக்கு அவர்களிடம் நேரே பேசும் துணிச்சல் வராது. அவனுக்கென்று ஒரு சொந்த தெய்வம் உண்டு, அதை அப்பா என்றே கூப்பிடுவான். அபில்-அதாத் என்ற ஒருவர் சுமார் 3,700 ஆண்டுகளுக்கு முன் தன் தெய்வத்துக்குக் கடிதமே எழுதியிருக்கிறார். சாரம் இது: என்னை ஏன் இப்படிக் கைவிட்டுவிட்டீர்? என்னைப் போல் ஒருவனை உமக்கு வேறு யார் தருவார்? மர்துக்குக்கு உம்மேல் பிரியம், அவருக்கு ஒரு வரி எழுதும், என் கட்டு விடுபடட்டும். அப்புறம் உம் முகம் பார்த்து, காலை முத்தமிடுவேன். என் வீட்டில் பெரியவர்களும் சின்னவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்காகவாவது இரங்கும்.

கோபம், மிரட்டல், சிபாரிசு, கெஞ்சல் எல்லாம் ஒரே கடிதத்தில். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவன் நான், இதே வரிசையில் எழுதிய விண்ணப்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பையனுக்குச் சொல்ல இன்னொன்று. அழுகிற குழந்தைக்கு அவர்கள் ஓதிய ஒரு மந்திரம் இருக்கிறது, தாலாட்டு என்றே சொல்லலாம். இருட்டு வீட்டில் இருந்தாய், இப்போது வெளியே வந்து சூரியனைப் பார்த்துவிட்டாய், ஏன் அழுகிறாய், உள்ளே இருந்தபோது ஏன் அழவில்லை என்று குழந்தையைக் கேட்கிறது. நீ அழுத அழுகையில் வீட்டுத் தெய்வம் எழுந்துவிட்டது, குசரிக்கு விழித்துக்கொண்டு ‘யார் என்னை எழுப்பியது?’ என்கிறது, சின்னவன்தான் எழுப்பினான் என்று பதில் போகிறது. கடைசியில், குடிகாரனுக்கு வருகிற தூக்கம் இவனுக்கு வரட்டும் என்று முடியும். குசரிக்கு என்பது பாதி காளை, பாதி மனிதன், வீட்டைக் காக்கிறவர். ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளையைத் தோளில் போட்டு நடந்த யாரோ ஒருத்தி இதில் இருக்கிறாள்.

பதில் 2: நாசிரியா மணி

வாத்தியார் ஐயா நாயையும் முனிவரையும் தரைக்குக் கீழே காட்டினார். தாத்தாவைக் காட்டாமல் விட்டுவிட்டார்.

நான் தெற்கு இராக்கில் நாசிரியாவில் நாலு வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். வெள்ளிக்கிழமை லீவு. ‘ஊர்’ என்ற ஊர் (எழுதும்போதே சிரிப்பு வருகிறது), அந்தப் பழைய சுமேரிய நகரம், அங்கிருந்து காரில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆறேழு தடவையாவது போயிருப்பேன். எல்லாரும் சிகுராத் மேல் ஏறி போட்டோ எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். உர்-நம்மு அரசன் கி.மு. 2100 வாக்கில் தொடங்கியது. அடித்தளத்தின் வெளிச்சுவரும் படிக்கட்டும் 1980களில் புதுப்பித்தவை, அதனால் பளிச்சென்று இருக்கும். பழைய செங்கல் இருக்கும் பக்கம் போய் உட்கார்ந்தால் அடுக்குக்கு நடுவில் கறுப்பாகத் தார் தெரியும். நம் ரோட்டுத் தார் மாதிரியேதான், நிலத்திலிருந்து ஊறி வருவதை எடுத்துப் பூசியிருக்கிறார்கள். நாலாயிரம் வருஷத்துத் தாரைத் தொட்டுப் பார்த்த விரலை அன்று முழுக்க முகர்ந்துகொண்டே இருந்தேன். வாசனை ஒன்றும் இல்லை.

நான் சொல்ல வந்தது சிகுராத்துக்குத் தெற்கே கொஞ்ச தூரம் நடந்தால் வரும் குடியிருப்பு. ஆங்கிலேயத் தொல்லியலாளர் லியோனார்ட் வூலி 1922 முதல் 1934 வரை தோண்டியபோது வெளிப்பட்டது. அந்த மனிதர் சந்துகளுக்கெல்லாம் இங்கிலாந்துத் தெருப் பெயர் வைத்துவிட்டார்: கொயட் ஸ்ட்ரீட், பேட்டர்நாஸ்டர் ரோ என்று. ஓல்ட் ஸ்ட்ரீட் ஒன்றாம் நம்பர் வீடு, மட்டமான செம்பை விற்று நன்னி என்ற வாடிக்கையாளரிடம் திட்டு வாங்கிய ஏயா-நாசிர் வீடு. மீனா, அந்தப் புகார்ப் பலகை நீங்கள் போன மியூசியத்தில்தான் இருக்கிறது, அடுத்த மழைக்குப் போய்ப் பாருங்கள்.

வீட்டு அமைப்பு இப்படி. சந்திலிருந்து ஒரு சின்ன வாசல், நடுவில் முற்றம், சுற்றி அறைகள். பின்பக்கம் நீளமாக ஒரு அறை, அதுதான் பூஜை அறை. ஒரு ஓரத்தில் செங்கல் மேடை, சுவரில் புகை போக ஒரு பள்ளம். அந்த அறைத் தரைக்குக் கீழே செங்கல் வளைவு வைத்துக் கட்டிய கல்லறை. வீட்டில் ஒருவர் இறந்தால் தரையைத் தோண்டி, வாயை அடைத்த செங்கலை எடுத்து, ஏற்கெனவே உள்ளே இருக்கிற எலும்பைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, புதியவரை வைத்து மூடிவிடுவார்கள். பிறந்ததும் போன சிசுக்களை மண் சட்டியில் வைத்து அந்த மேடை முன்னால் புதைத்திருக்கிறார்கள். அதன் மேல்தான் நடப்பார்கள். எல்லா வீட்டிலும் இப்படி என்று சொல்ல மாட்டேன், ஊருக்கு வெளியே இடுகாடும் உண்டு. ஆனால் அந்தத் தெருக்களில் இது சகஜம்.

முதல் தடவை எனக்கு ஒரு மாதிரி இருந்தது. சோறு பொங்குகிற வீட்டில் பிணமா? கூட வந்த உள்ளூர் டிரைவர் நிழல் தேடி ஒரு குட்டைச் சுவரோரம் உட்கார்ந்து சிகரெட் பற்ற வைத்தார். தரையில் உப்புப் பூத்து, மிதித்தால் நொறுங்குகிற சத்தம். அவர் சொன்னது: இறந்தவரை வெளியே விட்டால்தானே திரும்பி வருவார், இங்கேயே இருந்தால் எதற்கு வர வேண்டும்? இது அவர் சொந்தச் சரக்கு, எந்தப் பலகையிலும் இல்லை.

பலகையில் இருப்பது கிஸ்பு. ரொட்டியைப் பிய்த்துத் துண்டாக்குவது என்ற வேர்ச்சொல்லிலிருந்து வந்ததாம். இறந்தவருக்கு ரொட்டி, மாவு, பீர், முக்கியமாகத் தண்ணீர். தண்ணீரைத் தரைக்குள் இறக்க மண் குழாய்கூட உண்டு. ஊற்றும்போது பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். மாதக் கடைசியில் நிலா மறையும் நாள் இதற்கு உகந்தது. மாரி என்ற நகரத்து அரண்மனையில் ஒன்றாம் தேதியும் பதினாறாம் தேதியும் செய்திருக்கிறார்கள். இதைச் செய்கிற வாரிசுக்கு ‘தண்ணீர் ஊற்றுகிறவன்’ என்றே பெயர். அமாவாசைத் தர்ப்பணம் என்று உடனே மனசு ஓடும். எனக்கும் ஓடியது.

பதில் 3: கடல்கொண்டான்

இத்தனை பேர் எழுதியும் உண்மையைச் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை. ஊர் என்பது தமிழ்ச் சொல். மாரி என்பது நம் மாரி. நிலா மறையும் நாளில் நீர்க்கடன். சுமேரியர் தமிழரே என்பதற்கு இன்னும் என்ன வேண்டும்?

பதில் 4: ஓய்வு வாத்தியார்

கடல்கொண்டான் தம்பி, கோபிக்காமல் கேளுங்கள். அந்த நகரத்தைச் சுமேரியர்கள் உரிம் என்றுதான் சொன்னார்கள், ஊர் என்பது பிறகு தேய்ந்து வந்த வடிவம். மாரி இருப்பது சிரியாவில், அங்கே பேசியது செமிட்டிக் மொழி. சுமேரிய மொழிக்குச் சொந்தக்கார மொழி எதையும் இன்றுவரை யாரும் நிறுவவில்லை. இறந்தவருக்குத் தண்ணீர் ஊற்ற ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை, வெயில் ஊரில் யாருக்கும் தோன்றும். உண்மையான தொடர்பு வேண்டுமென்றால் ஊர் அரச கல்லறைகளில் கிடைத்த சிந்துவெளிச் சூதுபவள மணிகளைப் பாருங்கள். மெலுஹா மொழிபெயர்ப்பாளர் ஷு-இலிஷு என்பவரின் முத்திரை பாரிஸ் லூவர் மியூசியத்தில் இருக்கிறது. மெலுஹா என்பது சிந்துவெளிதான் என்பது பெரும்பாலான அறிஞர்கள் முடிவு. அதைப் பற்றித் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன்.

மணி சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் போனால் என்ன ஆகும்? அவர்களுடைய பெரிய பயமே அதுதான். லமாஷ்டுகூட இதற்கு அப்புறம்தான் என்பேன். கில்கமெஷ் கதையில், கீழுலகம் போய் வந்த தோழன் எங்கிடுவிடம் அரசன் கில்கமெஷ் அங்கே இருக்கிற இறந்தவர்களைப் பற்றி ஒவ்வொருவராக விசாரிக்கிறான். ஒரு பிள்ளை பெற்றவன்? சுவரில் அடித்த முளையைப் பார்த்து அழுகிறான். ஏழு பிள்ளை பெற்றவன்? தெய்வங்களோடு ஆசனத்தில் உட்கார்ந்திருக்கிறான். படைக்க யாருமில்லாதவன்? பானையில் ஒட்டியதைச் சுரண்டியும், தெருவில் எறிந்த ரொட்டித் துணுக்கைப் பொறுக்கியும் தின்கிறான். பிறந்து கண் திறக்காத சிசுக்கள்? தங்க, வெள்ளி மேசையில் தேனும் நெய்யும் வைத்து விளையாடுகின்றன. மணி பார்த்த அந்த மண் சட்டிகளுக்கு முன்னால் நின்ற தாய்க்கு இந்த ஒரு வரி போதுமாக இருந்திருக்கும்.

பட்டினி கிடக்கிற ஆவி சும்மா இராது. தலைவலி, காதுக்குள் இரைச்சல் எல்லாம் அதன் வேலை என்று வைத்தியப் பலகைகள் சொல்கின்றன. அதனால் வாரிசுக் கணக்கு கறாராக இருந்தது. சிரியாவில் எமார் என்ற ஊரில் கி.மு. 13-ஆம் நூற்றாண்டு உயில்கள் கிடைத்திருக்கின்றன. ஆண் வாரிசு இல்லாத தகப்பன், ‘என் மகளைப் பெண்ணாகவும் ஆணாகவும் ஆக்கினேன், அவள் என் தெய்வங்களையும் என் இறந்தவர்களையும் அழைக்கட்டும்’ என்று எழுதி வைக்கிறான். சொத்தோடு இந்த வேலையும் சேர்ந்து போகிறது.

ஆளில்லாதவர்களையும் ஒருவர் நினைத்தார். ஹம்முராபி அரசனுக்குப் பின் நாலாவதாக பாபிலோனை ஆண்ட அம்மிசதுகா. அவர் கிஸ்புவுக்கு அழைத்த பட்டியல் அப்படியே கிடைத்திருக்கிறது. முதலில் முன்னோர் பெயர்கள் வரிசையாக. பிறகு இந்தப் பலகையில் எழுதாமல் விட்ட வம்சங்கள். பிறகு அரசனுக்காகப் போரில் விழுந்த சிப்பாய்கள், இளவரசர்கள், இளவரசிகள். கடைசியில் கிழக்கிலிருந்து மேற்குவரை, கவனிக்கவும் பெயர் சொல்லவும் யாருமில்லாத எல்லாரும். வாருங்கள், இதைத் தின்னுங்கள், இதைக் குடியுங்கள், அம்மிசதுகாவை வாழ்த்துங்கள் என்று அழைப்பு. அரசனுக்கு இதில் சுயநலம் உண்டு, பட்டினி ஆவிகளின் தொல்லை வேண்டாம் என்பதுதான். இருந்தாலும் பெயர் தெரியாத சிப்பாய்க்கும் ஒரு வாய் தண்ணீர்.

மீனாம்மா தேடியபோது வந்த கோவில் விஷயத்திலும் இதே சாப்பாட்டுக் கணக்குதான். உருக் நகரத்தில் வானக் கடவுள் அனுவின் கோவிலில் சாமிக்கு நாளைக்கு நாலு வேளை: காலையில் பெரியது ஒன்று, சின்னது ஒன்று, மாலையிலும் அப்படியே. ரொட்டி சுடுவது, பீர் காய்ச்சுவது, இறைச்சி வெட்டுவது எல்லாம் பரம்பரை முறை. வருஷத்தில் இத்தனை நாள் என்று பங்கு பிரித்துக்கொள்வார்கள். அந்தப் பங்கை மகனுக்கு எழுதலாம், விற்கவும் செய்யலாம். விற்ற பத்திரங்கள் குவியல் குவியலாக இருக்கின்றன.

தேம்ஸ்கரை மீனா

வாத்தியார் ஐயா, மணி அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. தாலாட்டை நேற்று ராத்திரி பையனுக்கு வாசித்தேன். குடிகாரன் தூக்கம் என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி இரண்டு தடவை கேட்டான். சட்டி விஷயத்தை இப்போதைக்கு அவனிடம் சொல்லவில்லை. நான் மட்டும் படித்துவிட்டு கொஞ்ச நேரம் அடுப்படியில் நின்றேன்.

இன்று பள்ளியிலிருந்து வந்ததும் விளையாட்டுக் களிமண்ணில் ஒரு நாய் செய்தான். மண்ணுக்கு விலை கொடுக்க வேண்டுமே என்று என் பர்ஸிலிருந்து ஐம்பது பென்ஸ் எடுத்து டப்பாவுக்குள் போட்டான். இது வாடகை வீடு, தரையைத் தோண்ட முடியாது. அதனால் வாசல் மிதியடிக்குக் கீழே வைத்தோம், அதற்குள் கொஞ்சம் நசுங்கிவிட்டது. பெயர் அவனே யோசித்து வயிற்றுப் பக்கம் பல்குத்தும் குச்சியால் தமிழில் எழுதியிருக்கிறான், எழுத்துப்பிழையோடு: ‘ஷூவை கலட்டு!’